துண்டு இடம் மாறாத பாட்டு

கைதட்டல் பின்வரிசையிலிருந்து வந்தது. முதலில் ஒரே ஒரு ஆள். அடுத்த நொடியில் ஹாலின் நாலு மூலையிலிருந்தும் ஒன்றாக.

பாட்டு இன்னும் முடியவில்லை. பியானோவில் என் பங்கை வாசித்து முடித்து, சாக்ஸபோனுக்கு வழி விட்டிருந்தேன். அவ்வளவுதான். விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. ஜாக்கெட்டுக்குள் முதுகு வழியாக வியர்வை இறங்கியது.

அந்தக் கைதட்டலை எனக்குத் தெரியும். மைதானம் மைதானமாகக் கேட்டு வளர்ந்தது. நாலு மூலையில் ஆள் நிறுத்தித் தட்டுகிற கைதட்டல்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், நான் பிறந்த பிறகு முதல்முறையாகப் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு என் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டைக்கு மேலே, தோளில், வெள்ளைத் துண்டு.

வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

நான் மேடையில் வாசித்த முதல் நாள் அது. நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அன்று கட்டியிருந்த மஞ்சள் புடவை கிழிந்து, தலையணை உறையாகி, அதுவும் கிழிந்துவிட்டது. அந்தக் கைதட்டல் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

கேட் ஏகாம்பரம்

இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து பியானோவைப் பற்றி எழுதினேன், அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி எழுதினேன், மழையில் நனைந்த நோட்டுகளைப் பற்றிக்கூட ஒரு வாரம் எழுதினேன். 'உங்கள் அப்பா எப்போது வருவார்?' என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறைக்க நினைக்கவில்லை. கூச்சம். நாலு பேருக்கு நடுவில் அவர் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் இறங்கிவிடும்.

ராயபுரம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'கேட் ஏகாம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். சிலர் கும்பிடுவார்கள். சிலர் எச்சில் துப்புவார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

காசிமேட்டில் கடலுக்குப் போகிற குடும்பம். இவர் மட்டும் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கிருந்து சங்கம், சங்கத்திலிருந்து கட்சி. அவர் கையைத் தூக்கினால் துறைமுகத்து கேட் மூடும். அப்படி வந்த பெயர். பந்த் என்றால் தண்டையார்பேட்டை வரைக்கும் கடை ஷட்டர்கள் இறங்கும். இறங்காத ஷட்டரை அவருடைய ஆட்கள் இறக்குவார்கள்.

மூன்று முறை ஜெயிலுக்குப் போனார். முதல் இரண்டும் கொள்கைக்காக என்று சொல்வார். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால் டீ கேட்பார்.

அவருக்கு வெள்ளையடிக்க நான் இதை எழுதவில்லை. ஒரு பந்த் நாளில் அவருடைய ஆட்கள் விட்ட கல் பட்டு ஒரு பஸ் கண்டக்டருக்குக் கண் போனது. மறுநாள் அந்தக் கண்டக்டரின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை, அழவில்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதே நைனா, மத்தியானச் சாப்பாட்டில் அம்மாவின் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீனில் முள் எடுத்துக் கொடுப்பார். அம்மா ரெபேக்கா, தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். காசிமேட்டுப் பொடிமீனைச் சாப்பிட அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரவில்லை. கட்சிக்காரர்கள் வந்து கை தட்டினார்கள்.

எனக்கு நைனா வைத்த பெயர் வெற்றிச்செல்வி. அம்மா சர்ச்சில் கொடுத்த பெயர் ரோஸ். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளைக்கு வெற்றிச்செல்வி என்ற பெயர் கொஞ்சமும் பொருந்தவில்லை.

மனு வைக்கிற பெட்டி

பியானோ எங்கள் வீட்டுக்கு வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். துறைமுகத்துக்கு எதிரே கப்பல்காரர்கள் வந்து போகிற கிளப் ஒன்று இருந்தது. அதை மூடியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். நைனா போய் நின்றார். அவர் கேட்ட சாமானை வேறு யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு தப்பு என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் கன்னியப்பன் அண்ணன். நைனாவின் வலது கை அவர்.

"மெதுவா தூக்குபா! உள்ள இன்னாவோ முனகுது. உசுரோட கீது!" என்று கத்திக்கொண்டே படியேறினார்.

வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதன் தலை அகலமாக இருந்ததால் மனுக்களை அதன்மேல் வைக்க ஆரம்பித்தார்கள். காலையில் ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். எண்ணூரில் பையனுக்கு வேலை, மணலி புதுநகரில் தண்ணீர் வரவில்லை, ஸ்டேஷனில் பிடித்து வைத்த தம்பி. முகத்துவாரக்குப்பத்திலிருந்து வரும் அம்மாக்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு ஈரக் கையோடு மனுவை நீட்டுவார்கள். பறக்காமல் இருக்க மனுக்களின்மேல் ஒரு செங்கல்.

அந்தச் செங்கல்லுக்குக் கீழேதான் நான் வாசிக்கக் கற்றேன். கட்டையை அழுத்தினால் மேலே பேப்பர் நடுங்கும். கன்னியப்பன் அண்ணன் கப்பல்காரர்களிடம் கேசட் வாங்கி வந்து கொடுப்பார். அட்டையில் பியானோ படம் இருந்தால் போதும் அவருக்கு. கேட்டுக் கேட்டு அப்படியே வாசிப்பேன். அதில் ஒன்று பெயர் அழிந்துபோன கேசட். மெதுவான பாட்டு ஒன்று அதில் உண்டு. வாசித்தவர் யாரென்று தெரியாது. அவருடைய ஒவ்வொரு விரலும் எனக்கு மனப்பாடம்.

மனு கொடுக்க வந்தவர்கள் நைனா வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நான் வாசிப்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் எல்லோரும் ஒரே குரலில், "சோக்கா கீதும்மா!" என்பார்கள்.

மனுவோடு வந்தவர் வேறு என்ன சொல்வார்?

வாய் திறக்காமல் வாங்கிய கோப்பை

ஒன்பதாவது படிக்கும்போது பாட்டுப் போட்டி. டீச்சர் என் பெயரை எழுதிவிட்டார். மேடையில் ஏறினேன். எதிரே முந்நூறு தலை. முதல் வரி மறந்துவிட்டது. இரண்டாவது வரியும். ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டு இறங்கினேன்.

எனக்குத்தான் முதல் பரிசு.

என் பின்னால் பாடிய சாந்திக்கு இரண்டாவது. அழகாகப் பாடினாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நைனா அந்தக் கோப்பையை மனுக்களுக்கு நடுவே வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நான் பாடவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யார் என்னைப் பாராட்டினாலும் கோப்பைதான் ஞாபகத்துக்கு வரும். நான் நன்றாக வாசிக்கிறேனா இல்லையா? இதற்குப் பயப்படாமல் பதில் சொல்லக்கூடிய ஒரு ஆள் ராயபுரத்தில் கிடையாது.

முதல் திட்டு

அந்த ஆள் பெரம்பூரில் இருந்தார். பெயர் நோயல். சாக்ஸபோன் வாசிப்பவர். கொஞ்ச காலம் கப்பல்களில் வாசித்துவிட்டு வந்தவர். ஜாஸ் வாசிக்கப் பியானோ ஆள் தேடுகிறார் என்று அம்மாவின் சர்ச்சில் யாரோ சொன்னார்கள். அம்மாதான் என் கையில் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினார்.

பெயர் கேட்டார். ரோஸ் என்றேன். வீடு எங்கே என்றார். திருவொற்றியூர் என்றேன். அங்கே என் சித்தி வீடு இருந்தது.

வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாமா இது? பியானோ வாசிக்கிறியா, டைப் அடிக்கிறியா?"

என் வாழ்நாளில் என் வாசிப்பை ஒருவர் திட்டியது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வாரத்தில் மூன்று நாள் போனேன். மூன்று நாளும் திட்டு. ஜாஸ் என்றால் முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு, அப்போது மனதில் வருவதைச் சொந்தமாக வாசிப்பார்கள். கடைசியில் எல்லோரும் பாட்டுக்குத் திரும்புவார்கள். அந்தச் சொந்தமாக வாசிக்கிற இடம் வந்தால் நான் ஒளிய இடம் தேடுவேன். எதிரே எதுவும் இருக்காது. கதவுக்குப் பின்னால் நிற்க முடியாது.

ஒருநாள் ஒத்திகை முடிந்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டே நோயல் அண்ணன் சொன்னார். வண்ணாரப்பேட்டையில் அவருடைய அம்மா வீட்டுக்கு ஒரு பேக்கரி இருந்ததாம். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஒரு பந்த். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருக்கும்போதே ஆள் வந்து தண்ணீரை ஊற்றியிருக்கிறான்.

"அத்தோட கடையே போச்சு. எங்கம்மா அப்பால கேக்கே செய்யல. எல்லாம் அந்த கேட் ஏகாம்பரம் ஆளுங்க."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

தெரிந்தால் என்னைத் துரத்துவார். அதுகூடப் பரவாயில்லை. துரத்தாமல், 'நல்லா வாசிக்கறீங்கம்மா' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால்? அப்போது எனக்கென்று இருக்கிற ஒரே ஆளும் போய்விடுவார்.

கை தட்டும் வேலை

இங்கே நைனாவின் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு மேடையில் பேச வராது. ஆனால் பெரிய தலைவர்கள் வடசென்னையில் பேசினால் நைனா மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார்கள். காரணம் அவருடைய துண்டு. இடது தோளில் போட்டிருப்பார். பேச்சாளர் ஒரு இடத்துக்கு வரும்போது அதை எடுத்து வலது தோளுக்கு மாற்றுவார். மைதானத்தின் நாலு மூலையில் நிற்கிற ஆட்கள் அதைப் பார்த்துத் தட்டுவார்கள். நாலு மூலையில் தட்டினால் நடுவில் இருக்கிற ஆயிரம் பேரும் தட்டுவார்கள். தட்டி ஓய்ந்ததும் துண்டு மறுபடி இடது தோளுக்கு வந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கும். ஒரு நொடி முந்தினால் பேச்சு அறுந்துவிடும். ஒரு நொடி பிந்தினால் பேச்சாளர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நைனா தவறியதில்லை என்று கன்னியப்பன் அண்ணன் இன்றும் சொல்வார்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நோயல் அண்ணன் நூறு நோட்டீஸ் அச்சடித்தார். மலிவாக இருக்கிறதென்று ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் கொடுத்தார். நைனாவின் போஸ்டர்கள் எல்லாம் அடிக்கிற அதே அச்சகம். என் போட்டோவும் அதில் இருந்தது.

அன்று சாயங்காலமே நோட்டீஸ் நைனாவின் கையில்.

"ரோஸுன்னு போட்டுகிறான். என் பொண்ணு பேரு இன்னா?"

"நைனா, நீ வரக்கூடாது."

"ஏன்?"

"நீ வந்தா எல்லாரும் கை தட்டுவாங்க."

"தட்னா நல்லதுதானே கண்ணு?"

"அதான் வேணாங்கறேன்."

நான் அவரிடம் அவ்வளவு பேசியதே கிடையாது. என்னையே பார்த்தார். பிறகு செங்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கு இன்றும் தெரியாது.

"சரி. வரல. உங்கம்மா மேல சத்தியம்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எம்மேல எதுக்குப் பண்ணுதீய? ஒங்க கட்சி மேல பண்ணுங்க."

ஐந்து பாட்டு

அன்று ஐந்து பாட்டு வாசித்தோம்.

முதல் பாட்டில் என் பங்கு முடிந்ததும் நடந்ததைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன். பாட்டுக்கு நடுவே கை தட்டி என்னைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். சர்ச்சில் நடுவே தட்ட மாட்டார்கள். கேசட்டில் கைதட்டலே கிடையாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நோயல் அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயம். இரண்டாவது பாட்டிலும் அதே. எனக்கு மட்டுமல்ல, நோயல் அண்ணனுக்கும் தட்டினார்கள், டிரம்ஸ்காரருக்கும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நாகரிகமான ஆட்களும் அவர்களோடு சேர்ந்து தட்டினார்கள்.

மூன்றாவது, அந்தப் பெயர் அழிந்த கேசட்டில் இருந்த மெதுவான பாட்டு. என் பங்கு வந்தபோது எனக்குள் எதுவும் இல்லை. அவ்வளவு பயம். விரல்கள் தாமாகவே தெரிந்த இடத்துக்குப் போயின. கேசட்டில் அந்தப் பெயர் தெரியாத மனிதர் வாசித்ததை அப்படியே வாசித்து முடித்தேன். ஒரு பிசிறு இல்லை.

முன்வரிசையில் சிலர் மெதுவாகத் தட்டினார்கள். நாலு மூலையிலும் சத்தமில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். துண்டு இடது தோளிலேயே இருந்தது. கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில் நாலாவதும் ஐந்தாவதும் கொஞ்சம் துணிந்து வாசித்தேன். இரண்டிலும் கைதட்டல் திரும்ப வந்தது.

முடிந்ததும் நோயல் அண்ணன் என்னிடம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரும்மா அந்தப் பின்னாடி ஆளுங்க? இத்தினி வருஷமா இந்த ஊர்ல வாசிக்கிறேன். ஒவ்வொருத்தன் முடிக்கிற எடத்துலயும் கரெக்ட்டா தட்டணும், அதான் ஜாஸுக்கு மரியாதை. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. இவங்க எங்கேர்ந்து வந்தாங்க?"

அப்போதுதான் எனக்கே தெரியும், நடுவில் தட்டுவது தப்பில்லை என்று.

பதில் சொல்வதற்குள் கன்னியப்பன் அண்ணன் வந்துவிட்டார். இறுக்கமான பேண்ட். கையில் மஞ்சள் பையிலிருந்து பாதி வெளியே வந்த ரோஜா மாலை.

"பாப்பா! தலைவரு வெளிய வண்டியாண்ட கீறாரு. வரவே இல்லன்னு உன்னான்ட சொல்லச் சொன்னாரு."

நோயல் அண்ணன் வாசலைப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில், இடுப்பில் நிற்காத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நைனா நின்றிருந்தார். ஊரெல்லாம் போஸ்டரில் பார்த்த முகம். யாருக்குத் தெரியாது?

"உங்கப்பாவா?"

தலையை ஆட்டினேன். சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்து மூடினார்.

'நல்லா இருக்குங்க'

அடுத்த ஒத்திகைக்குப் போகவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனேன்.

நோயல் அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். "தண்ணி எதுனா வேணுங்களா?" என்றார்.

நான் உட்கார்ந்து வேண்டுமென்றே மோசமாக வாசித்தேன். தப்புத் தப்பாக. டைப் அடித்தேன்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

அழுகை வந்துவிட்டது. கட்டைகள் மேல் கையை வைத்தபடியே அழுதேன். "அண்ணே, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கோப்பைக் கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். வாய் திறக்காமல் முதல் பரிசு வாங்கியது, சாந்தி பார்த்தது, எல்லாம்.

அவர் எழுந்து ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, அப்ப கேட்டுக்க. அன்னிக்கு மூணாவது பாட்டு நீ வாசிக்கல. கேசட்டு வாசிச்சுது. அந்தப் பாட்ட நான் கப்பல்ல நூறு வாட்டி கேட்டுகிறேன். ஒரு எடம் மாறல. கலீஜ்! திருடிட்டு வந்து குந்திகினு வாசிக்கிற மாதிரி இருந்துது."

"சரிண்ணே."

"உங்கப்பா மேல எனக்குக் கோவம் கோவந்தான். எங்கம்மா கேக்கு போனது போனதுதான். அது வேற, இது வேற. இப்ப வாசி. இன்னா பாக்கற? வாசி!"

நோயல் அண்ணன் இப்போதும் பெரம்பூரில்தான் இருக்கிறார். பல் போய்விட்டதால் ஊதுவதில்லை. நான் ஓட்டல்களில் வாசிக்கும் நாட்களில் போனைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்பார். மறுநாள் காலையில் திட்டுவார்.

திருவொற்றியூரில் ஒரு மழை மத்தியானம்

நான் அன்று பொய்யாகச் சொன்ன ஊரிலேயே இப்போது குடியிருக்கிறோம். ரயில் பாதையை ஒட்டி, மாடி வீடு. அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. நைனா இரண்டு தேர்தலில் தோற்றார். பிறகு யாரும் நிற்கச் சொல்லவில்லை. வாசலில் மனுவோடு யாரும் வருவதில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். துண்டு மட்டும் காலையில் குளித்ததும் இடது தோளுக்கு வந்தாக வேண்டும்.

சனிக்கிழமைகளில் கன்னியப்பன் அண்ணன் வருவார். அவருக்கும் வயதாகிவிட்டது. இந்தத் தொடரை அவர்தான் நைனாவுக்குப் படித்துக் காட்டுகிறார். தையல் மெஷின் வந்த வாரம் நைனா கேட்டாராம்: "மிஷினு வந்துட்ச்சு, செங்கல்லு வந்துட்ச்சு, நானு எப்ப வர்றது?"

போன மாதம் ஒரு மத்தியானம். நல்ல மழை. கும்மிடிப்பூண்டி ரயில் எதிரே அசையாமல் நின்றிருந்தது. மணலிப் பக்கத்து எண்ணெய் ஆலை வாடை மழையில் அடங்கியிருந்தது. இந்த அத்தியாயத்தை எழுதுவதற்காக அவரிடம் கேட்டேன்.

"நைனா, ஜாஸ் கச்சேரியில எங்க தட்டணும்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"எவன் சொல்லணும்? பேசறவன் மூச்சு வுடுவான் பாரு, அத்தான் எடம். நீ முடிக்கச்சொல்ல தோள எறக்குவ. மனு வாங்கச்சொல்ல தெனமும் பாத்துகினு தான இருந்தேன்."

மனு வாங்கும்போது அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள்கூட.

"அப்ப மூணாவது பாட்டுக்கு ஏன் தட்டல? நான் வேணாம்னு சொன்னேனேன்னா?"

"வேணான்னா கேக்கற ஆளா நானு?" என்றார். கன்னியப்பன் அண்ணன் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார்.

"அது உன்னுது இல்ல. அந்த டேப்ப வூட்ல எத்தினி வாட்டி போட்ட? எனக்கே மனப்பாடம். அத்த அப்டியே ஒப்பிச்ச. எழுதிக் குடுத்தத படிக்கிறவனுக்கு நான் துண்ட மாத்துனதே இல்ல. மந்திரியா இருந்தாலும் சரி."

கன்னியப்பன் அண்ணன், "ஆமா பாப்பா, ஒருவாட்டி அத்தால பெரிய பேஜாராயி..." என்று ஆரம்பித்து நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நோயல் அண்ணனும் இதையேதான் சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கக்கூட முடியாத இரண்டு பேர், ஒரே பாட்டில் ஒரே இடத்தைப் பிடித்திருக்கிறார்கள். நோயல் அண்ணன் சொன்னதை நான் நைனாவிடம் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

"அப்ப மத்த நாலு பாட்டுக்கும் நைனா..."

"மாத்தினேன் இல்ல?" என்றார், எரிச்சலோடு. இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி.

எழுந்து போய்ப் பியானோவைத் திறந்தேன். கிளப்பிலிருந்து வந்த அதே பியானோதான். மேலே இப்போது மனுக்கள் இல்லை, நைனாவின் மாத்திரை டப்பா இருக்கிறது. கோப்பையை நான் முன்பே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அந்த மூன்றாவது பாட்டை வாசித்தேன். அந்த நாளுக்குப் பிறகு எந்த மேடையிலும் நான் அதைத் தொட்டதில்லை.

பாட்டு வந்தது. சொந்தமாக வாசிக்கிற இடம் வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வீட்டில் இரண்டு கிழவர்களைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் என் வழியில் போனேன். அதற்குள் அந்தக் கேசட் மனிதரின் விரல்கள் வந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டன. அவரோடேயே போய் முடித்தேன். தோளை இறக்கினேன்.

திரும்பிப் பார்த்தேன்.

கன்னியப்பன் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா ஜன்னல் வழியாக நிற்கிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மடியில் கிடந்தது. துண்டு இடது தோளிலேயே இருந்தது.

கன்னியப்பன் அண்ணன் மெதுவாகக் கைகளை இறக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.